கார் தப்பியது சரி, ஸ்டியரிங் தப்பியதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் பத்திரிகையின் உள்ளூர்ப் பக்கத்தில் நாலு வரியில் ஒரு செய்தி வந்திருந்தது. வீட்டு முன்னால் நின்ற பழைய கார் ஒன்றின் கண்ணாடியை உடைத்து யாரோ கிளப்பப் பார்த்திருக்கிறார்கள், நாய் குரைத்ததும் ஓடிவிட்டார்கள், கார் தப்பியது என்று முடித்திருந்தீர்கள். அந்தக் கடைசி வார்த்தையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் கோபமும் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் என் காரும் இப்படித்தான் தப்பியது. தப்பிய காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிய நான்தான் அன்று மத்தியானம் கீழ்பவானி வாய்க்காலுக்குள் போயிருக்க வேண்டியவன். அந்தக் கதையை எழுதினால் உங்கள் செய்தியில் வந்த கார்க்காரர் கண்ணில் பட்டாலும் படும் என்றுதான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 1997 மாடல் மாருதி 800, வெள்ளை, அப்பா வாங்கியது. டிஎன் 33 நம்பர், ஏனென்றால் அப்போது எங்கள் காங்கேயம் ஈரோடு மாவட்டத்தில் இருந்தது, திருப்பூர் மாவட்டம் வந்ததே 2009இல்தான். 796 சிசி, மூன்று சிலிண்டர், கார்ப்பரேட்டர் வண்டி. 1983 டிசம்பரில் முதல் மாருதி 800 ரோட்டுக்கு வந்தது, 2014 ஜனவரியோடு தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், ஆனால் எங்கள் பக்கம் தேங்காய்க் களத்துக்கும் தோட்டத்துக்கும் இன்னும் எத்தனை வண்டி ஓடுகிறது என்று ஒரு சந்தை நாளில் நின்று பார்த்தால் தெரியும். நானும் கொப்பரைக் களம்தான் வைத்திருக்கிறேன். வண்டியை விற்றுவிடு என்று வீட்டில் எல்லோரும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். விற்றால் பழைய இரும்பு விலைதான் வரும், ஓட்டினால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்பது என் கணக்கு.

தை மாதம், சென்னிமலையில் சொந்தத்தில் ஒரு கல்யாணம். முதல் நாள் ராத்திரியே போய்விட்டோம். மண்டபத்துக்குள் நிறுத்த இடமில்லை, வெளியே ரோட்டோரம் புளியமரத்தடியில் விட்டேன். விடியக்காலம் நாலரை மணிக்கு, மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கூட்டி வரலாம் என்று போய்ப் பார்த்தால் டிரைவர் பக்கக் கதவுக் கண்ணாடி தூள் தூளாகச் சீட்டில் கிடக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவர் இரண்டு துண்டாகக் காலடியில். சாவித் துவாரத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அடித்து பிளையரால் திருகியிருக்கிறான், வாய் பிளந்து கிடந்தது. அதற்குப் பின்னால் இருக்கும் சுவிட்சைப் பிய்த்து ஒயர்களை உருவி முனையைச் சீவி முறுக்கி வைத்திருந்தான். பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது, அப்படியானால் ஸ்டார்ட்டரை வெகுநேரம் ஓட்டிப் பார்த்திருக்கிறான். பெட்ரோல் கலவையைக் கூட்டும் சோக்கை இழுத்துவிடாமல் தை மாதத்துக் குளிரில் இந்த வண்டியைக் கிளப்ப அதன் சொந்தக்காரனான என்னாலேயே முடியாது, வந்தவன் பட்டன் ஸ்டார்ட் காலத்துப் பையன் போலிருக்கிறது. கடைசியில் ஆத்திரத்தில் ஸ்டியரிங் வீலைப் பிடித்து இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி இழுத்திருக்கிறான். லாக் உடைந்தால் தள்ளிக்கொண்டாவது போகலாம் என்று நினைத்திருப்பான். அதுவும் நடக்கவில்லை, விட்டுவிட்டுப் போய்விட்டான்.

கல்யாணத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். "வண்டி இருக்குதுல்லொ, அது போதுங் மாமா" என்று ஆளாளுக்கு ஆறுதல். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மண்டபத்துக் கேமரா நுழைவாயில் வளைவையும் வாழைமரத்தையும் மட்டும் அழகாகப் பிடித்து வைத்திருந்தது, ரோட்டை அல்ல. அதைப் பற்றிப் பேசி ஒன்றும் ஆகப்போவதில்லை, விடுங்கள்.

முகூர்த்தம் முடிந்து சாப்பிட்டதும் பக்கத்தில் விசாரித்து ஒரு மெக்கானிக் தம்பியைக் கூட்டி வந்தார்கள். சின்ன வயது, கை வேகம். பார்த்த உடனே சொன்னார், "ஏனுங்ணா, டைரக்ட் குடுத்துட்டா முடிஞ்சுதுங், எதுக்குங் கவலப்படறீங்க?" முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. ஒயர்களை வெட்டி ஒரு தட்டு சுவிட்ச், அது தட்டினால் இக்னீஷன். காலிங் பெல் மாதிரி ஒரு பட்டன், அதை அமுக்கினால் ஸ்டார்ட்டர். லாக் விழுந்திருந்த ஸ்டியரிங்கை என்ன செய்தார் என்றால், பிளந்து கிடந்த பூட்டுக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டு எதையோ நெம்பி உள்ளே தள்ளினார், வீல் விடுபட்டுத் தாராளமாகச் சுற்றியது. "ஃப்ரீ ஆயிடுச்சுங்" என்றார். இன்னொரு வண்டியிலிருந்து பேட்டரிக்கு ஒயர் போட்டுக் கிளப்பி விட்டார். ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன், சந்தோஷமாகத்தான் கொடுத்தேன்.

வீட்டுக்காரியும் அத்தையும் பஸ்ஸில் வருகிறோம் என்றுவிட்டார்கள், கண்ணாடி இல்லாமல் காற்று அடிக்கும் என்று. அது நல்லதாகப் போயிற்று. நான் மட்டும் காங்கேயம் பார்த்துக் கிளம்பினேன். நேர் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. வாய்க்கால் பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு, புன்செய்க்குத் தண்ணீர் விட்டிருந்த நேரம், வாய்க்கால் கரை தொட்டு ஓடுகிறது. வீலை இடது பக்கம் ஒடித்தேன், கைக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், வீல் அப்படியே நின்றுவிட்டது. திரும்பவும் இல்லை, நேராகவும் வரவில்லை. நாற்பதுக்குள்தான் போய்க்கொண்டிருந்தேன். பிரேக்கில் ஏறி நின்று இரண்டு கையாலும் உயிரைக் கொடுத்து இழுத்ததில் மறுபடி ஒரு சத்தம், வீல் விட்டது. வண்டி கரைப் புல்லில் ஏறி, முன் சக்கரம் சரிவில் தொங்குகிற மாதிரி நின்றது. இறங்கியதும் காலெல்லாம் நடுக்கம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் வந்து, "ஏஞ்சாமி, தூக்கமா?" என்று கேட்டார். தூக்கமில்லைங்க ஆத்தா என்று சொல்லவே எனக்குக் குரல் வரவில்லை.

அன்றைக்கு ரெக்கவரி வண்டி வைத்துத்தான் காரைக் காங்கேயம் கொண்டு வந்தேன். கயிறு கட்டி இழுக்கலாம் என்று இரண்டு பேர் சொன்னார்கள், ஸ்டியரிங் எப்போது நிற்கும் என்று தெரியாத காரைக் கயிறு கட்டி இழுப்பதற்கு நான் தயாராக இல்லை.

எங்கள் ஊரில் ஒரு பெரிய மேஸ்திரி இருக்கிறார், எழுபது வயது தாண்டியவர், அம்பாசிடர் காலத்து ஆள். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் திட்டியதை இங்கே எழுத முடியாது. திட்டி முடித்து அவர் விளக்கியதைத்தான் என் மொழியில் எழுதுகிறேன், ஏனென்றால் இருபது வருடத்துக்கு மேலாகக் கார் ஓட்டும் எனக்கு அன்றுவரை இது தெரியாது.

சாவித் துவாரம் இருக்கும் அந்தப் பூட்டு, ஸ்டியரிங் வீலிலிருந்து கீழே இறங்கும் ராடைச் சுற்றி இருக்கும் குழாயின் மேல் பட்டை போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. பூட்டுக்குள் ஒரு இரும்பு நாக்கு. அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங், அது எந்நேரமும் நாக்கை ராடை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். சாவி உள்ளே இருக்கிறவரை பூட்டின் உள் உறுப்புகள் நாக்கை வெளியே வரவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. சாவியை உருவியதும் பிடி விடுகிறது, நாக்கு குழாயின் ஓட்டை வழியாக வந்து ராடில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் விழுகிறது. நாம் சாவியை எடுத்துவிட்டு வீலை லேசாகத் திருப்பினால் 'டக்' என்று விழுமே, அதுதான். திருடன் பூட்டின் வாயைப் பிளந்தபோது அந்தப் பிடிக்கிற உறுப்புகள்தான் முதலில் நொறுங்கின. ஸ்பிரிங் அப்படியே இருக்கிறது, நாக்கும் இருக்கிறது, தடுக்க ஆளில்லை. மெக்கானிக் தம்பி ஸ்க்ரூ டிரைவரால் உள்ளே தள்ளிய நாக்கு எதிலோ மாட்டி நின்றிருக்கிறது, ரோட்டுக் குலுக்கலில் விடுபட்டு வந்துவிட்டது. வந்தாலும் ராடின் வழவழப்பான இடத்தில் உரசிக்கொண்டு இருக்கும், நேர் ரோட்டில் நமக்கு ஒன்றும் தெரியாது. வீலைத் திருப்பும்போது பள்ளம் நாக்குக்கு நேராக வருகிறது பாருங்கள், அப்போது விழும். அதாவது வளைவில். திருடன் இழுத்த இழுப்பில் என் வண்டியின் நாக்கு கொஞ்சம் வளைந்து முனை உடைந்திருந்ததால் முழுசாக உள்ளே போகவில்லை, அதனால்தான் என் பலத்துக்கு விட்டுக்கொடுத்தது. ஒழுங்கான நாக்காக இருந்திருந்தால் விட்டிருக்காது. "திருடம் பண்ணுன புண்ணியம் தம்பி, அவன் வளச்சு வெச்சதால நீ பொழச்ச" என்றார் மேஸ்திரி. அவருக்கு அது தமாஷ்.

வேலைக்கு வருகிறேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வைத்தார். சாவி சுவிட்சுக்கு வரும் ஒயரில் ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, வண்டி நின்றாலும் அதில் கரண்ட் இருக்கும், அதைத்தான் அந்தத் தம்பி வெறும் டேப் சுற்றி விட்டிருந்தார். அப்புறம் ஹாரன் மூடி, நடு நட்டு. வீலும் ராடும் எந்த வாட்டத்தில் இருந்தன என்று சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு புல்லர் போட்டு வீலை எடுத்தார். ராடின் தலையில் சுத்தியலால் அடித்து வீலைக் கழற்றுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. பல கார்களில் இந்த ராடு, முன்னால் மோதினால் டிரைவரின் நெஞ்சில் குத்தாமல் தானே உள்வாங்கிச் சுருங்குகிற மாதிரி செய்யப்பட்டிருக்கிறது, அதைச் சுத்தியலால் அடித்தால் மோதாமலேயே சுருங்கிவிடும் அல்லது இற்றுப்போகும் என்றார்.

பூட்டைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. அதைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ட்டுக்கும் தலை கிடையாது. கம்பெனியில் முடுக்கும்போதே குறிப்பிட்ட இறுக்கத்துக்கு மேல் தலை ஒடிந்து விழும்படி கழுத்தில் வெட்டு வைத்த போல்ட். ஸ்பேனர் வைக்க எதுவும் இல்லாததால் திருடனால் சுலபமாகக் கழற்ற முடியாது, நம்மாலும் முடியாது. மேஸ்திரி கூரான பஞ்சை போல்ட்டின் ஓரத்தில் சாய்த்து வைத்துக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் பூப்போலத் தட்டித் தட்டி ஒன்றைக் கழற்றினார். இன்னொன்று அசையவில்லை, டிரில் போட்டுத்தான் வந்தது. பூட்டை எடுத்துக் குழாயைக் கவிழ்த்தபோது துவரம்பருப்பு அளவுக்கு ஒரு இரும்புச் சில்லு தரையில் விழுந்து உருண்டது. நாக்கின் முனை. இது அந்தக் குழாய்க்குள் ராடை ஒட்டித்தான் இத்தனை நேரமும் கிடந்திருக்கிறது. பூட்டை மட்டும் மாற்றிவிட்டு ராடைக் கழற்றாமல் விட்டிருந்தால் இந்தச் சில்லு உள்ளேயே இருந்திருக்கும். உங்கள் செய்தியில் வந்த கார்க்காரருக்கு நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான். லாக்கை மட்டும் மாற்றிக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ராடை வெளியே எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் ராடில் பள்ளத்தின் ஓரம் பிதுங்கி இருந்தது, குழாயும் ஓட்டையைச் சுற்றி நெளிந்திருந்தது. அரம் போட்டு ராவி ஓட்டலாமா என்று கேட்டேன். மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார், அவ்வளவுதான். தயாரிப்பு நின்று போன வண்டிக்கு ராடு புதிதாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு, நான் விசாரித்த கடைகளில் இல்லை. பூட்டும் சாவியும் சேர்ந்த செட் வேறு கம்பெனிச் சரக்காகக் கிடைக்கிறது. ஆகவே பூட்டு புதிது, ராடு பழையது என்று முடிவாயிற்று. மேஸ்திரி ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து என் ராடுக் குழாயின் நீளத்துக்குச் சரியாக ஒடித்து, "இதுக்கு ஒரு நூல் கொறஞ்சாலும் வாங்காத" என்று கையில் கொடுத்தார். டேப் இல்லையா என்று கேட்காதீர்கள், இருந்தது. அவருக்கு ஈர்க்கில்தான் நம்பிக்கை.

பல்லடம் வழியாக பஸ் ஏறிக் கோயமுத்தூர் உக்கடம் போனேன். பழைய வண்டிச் சாமான் கடைகளில் மூன்று ராடு காட்டினார்கள். முதலாவது ஈர்க்கைவிட அரை அங்குலம் குட்டை. முன்னால் மோதிய வண்டியில் கழற்றியது, அதன் வேலையை அது ஒரு தடவை செய்து முடித்துவிட்டது. பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது, நீளம் பார்க்காதவன் அதைத்தான் வாங்குவான். இரண்டாவதில் ராடு மடங்கித் திரும்பும் மூட்டான யூ ஜாயின்ட் கடகட. மூன்றாவது அழுக்கு, ஆனால் நீளம் சரி. ஆடினால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று கடைக்காரர் சொன்னதால் 1,200 ரூபாய் கொடுத்து பில்லும் வாங்கிக்கொண்டேன். பில் எதற்கு என்று அவர் முகம் சுளித்தார். என் வண்டியைத் திருட வந்ததால் நான் சாமான் தேடி அலைகிறேன், நான் வாங்குகிற சாமான் இன்னொருத்தன் வண்டியிலிருந்து திருடியதாக இருந்தால் அது என்ன நியாயம்? அதே கடையில் பழைய லாக் செட்டும் மலிவாகக் கொடுத்தார், வேண்டாம் என்றுவிட்டேன். அதன் இன்னொரு சாவி யார் பாக்கெட்டில் இருக்கிறதோ.

அங்கிருந்து ஆவாரம்பாளையத்தில் தெரிந்தவரின் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். பம்புக்கு ஷாஃப்ட் கடைகிறவர், கோயமுத்தூரில் இந்த வேலைக்கா ஆள் பஞ்சம். ராடை மட்டும் உருவி இரண்டு சென்டருக்கு நடுவில் மாட்டி டயல் கேஜ் வைத்துச் சுற்றினார். முள் பெரிதாக ஆடவில்லை, ராடில் வளைவு இல்லை என்று அர்த்தம். இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு டீயும் வாங்கிக் கொடுத்தார்.

மாட்டும்போது ஒரு சின்னச் சண்டை. மேஸ்திரியின் பையன், "அப்பா, தலையிருக்கற போல்ட்டே போட்டுக்கலாம், அடுத்த வாட்டி கழட்ட லேசா இருக்கும்" என்றான். அடுத்த வாட்டி கழட்டப் போறது நீயா திருடனா என்று அவர் கேட்டதோடு பேச்சு முடிந்தது. செட்டோடு வந்த புதுப் போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக விட்டு, சாவியைப் போட்டு, எடுத்து, வீலை இரண்டு பக்கமும் திருப்பி, லாக் விழுகிறதா, சாவி போட்டால் முழுசாக விடுகிறதா என்று பத்துத் தடவைக்கு மேல் பார்த்தார். சாவி உள்ளே இருக்கும்போது பூட்டின் மேல் கையால் தட்டித் தட்டிப் பார்த்தார், நாக்கு குலுக்கலுக்கு வருகிறதா என்று. எல்லாம் திருப்தியான பிறகுதான் முடுக்கினார், தலை இரண்டும் 'டொப், டொப்' என்று ஒடிந்து விழுந்தன. தட்டு சுவிட்சையும் காலிங் பெல்லையும் பிய்த்துப் போட்டுவிட்டு, வெட்டின ஒயர்களைப் பற்றவைத்துப் புதுச் சுவிட்சோடு சேர்த்தார். முன் சக்கரத்தை நேராக வைத்து, புள்ளிக்குப் புள்ளி வீலை மாட்டி, ஹாரன், இண்டிகேட்டர், வைப்பர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு உபயோகமான விஷயம், புது செட்டின் சாவி வேறு, கதவுச் சாவி வேறு என்று இரண்டு சாவியோடு நான் அலைய வேண்டியதில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் சாவி ரிப்பேர்க்காரர், புதுப் பூட்டுக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் தகடுகளை மாற்றி அடுக்கி, என் பழைய சாவிக்கே பொருந்த வைத்துக் கொடுத்தார். பூட்டை வண்டியில் மாட்டுவதற்கு முன்னால் இதைச் செய்துகொள்ள வேண்டும்.

கண்ணாடி, கவர், லாக் செட், ராடு, லேத், ரெக்கவரி, கூலி எல்லாம் சேர்த்து 9,030 ரூபாய். அந்தத் தம்பிக்குக் கொடுத்த ஐந்நூறைச் சேர்க்கவில்லை, அது பாடம் படித்த ஃபீஸ்.

இன்சூரன்ஸ் கேட்பீர்கள். எனக்கு தேர்டு பார்ட்டி மட்டும்தான், அதில் இதற்குப் பத்துப் பைசா வராது. முழு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு, கார் களவு போகாவிட்டாலும் திருட முயன்றதால் ஆன சேதத்துக்குக் கேட்கலாம், ஆனால் சர்வேயர் வந்து பார்க்கும்வரை எதையும் கழற்றாதீர்கள். டைரக்ட் கொடுத்து ஓட்டிவிட்டால் திருடன் உடைத்தது எது, மெக்கானிக் வெட்டியது எது என்று யாருக்குத் தெரியும்? பத்து வருடம் தாண்டிய வண்டிக்குத் தேய்மானம் என்று உலோகச் சாமானில் பாதி, பிளாஸ்டிக்கில் பாதி கழிப்பார்கள், சின்னக் காருக்கு நம் பங்காக முதல் ஆயிரம் போகும், கேட்காதவர்களுக்கு அடுத்த வருடப் பிரீமியத்தில் கிடைக்கும் நோ கிளைம் போனஸும் போகும். என் பில்லுக்குக் கணக்குப் போட்டால் கேட்காமல் இருப்பதே மேல் என்றுதான் வரும். அதிகச் சேதமானவர்கள் கேளுங்கள்.

போலீஸில் புகார் கொடுக்கப் போனபோது, "வண்டிதான் இருக்குதுல்லீங்க" என்றே அங்கும் கேட்டார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுதவில்லை, பிறகு நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். திருட முயல்வதும் குற்றம்தான். 2024 ஜூலையிலிருந்து நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 62ஆவது பிரிவு முயற்சிக்கென்றே இருக்கிறது, திருட்டுக்கு உள்ள தண்டனையில் பாதி வரை கொடுக்கலாம். இரண்டாம் நாள் போய் நின்றபோது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது கொடுத்தார்கள். ஆளைப் பிடிக்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்த ரசீது கையில் இல்லாமல் வாயைப் பிளந்த இக்னீஷனோடு ரோட்டில் மாட்டினால் நம்மையே திருடன் என்பார்கள், ஆகவே எல்லோரும் வாங்கி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கினார்கள், என் வண்டிக்கு அந்த வருடம்தான் முறை, கட்டினேன். மோட்டார் வாகன விதிகளில் ஸ்டியரிங் வீலில் 30 டிகிரிக்கு மேல் வெற்று ஆட்டம் இருக்கக்கூடாது என்று இருக்கிறது, புதுப்பிக்க வண்டியைக் கொண்டு போனால் ஆர்டிஓ ஆபீஸில் அதைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறார்கள், நல்லது. சாவிக்குப் பதிலாக தட்டு சுவிட்ச் வைத்த வண்டி வந்தால், அந்தப் பூட்டுக்குள் நாக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்டால் என்ன? அவ்வளவு கட்டணம் வாங்குகிறவர்கள் அதையும் கேட்கலாம். தாங்களும் இது மாதிரிச் செய்தி போடும்போது கார் தப்பியது என்று முடிக்காமல், ஸ்டியரிங்கைப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம் என்று அரை வரி சேர்த்தால் புண்ணியமாகப் போகும்.

என் வண்டியில் இப்போது இக்னீஷன் காயிலுக்குப் போகும் ஒயரில் மறைவாக ஒரு கட் ஆஃப் சுவிட்ச் இருக்கிறது, எங்கே என்று மேஸ்திரிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். புது வண்டிகளில் சாவிக்குள்ளேயே சிப் இருக்கிறது, பழசுக்கு நாம்தான் இப்படி ஏதாவது செய்துகொள்ள வேண்டும். ஆனால் கட் ஆஃப் இருக்கிறதே, லாக் எதற்கு என்று நாக்கை வெட்டி எடுத்துவிடும் வழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. அப்படிச் செய்தால் அடுத்து வருகிறவன் கிளப்பவே தேவையில்லை, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போவான்.

அந்த இரும்புச் சில்லை நான் தூக்கிப் போடவில்லை. போன ஐப்பசியில் சென்னிமலை கோயிலுக்குப் போனபோது அந்த மெக்கானிக் தம்பியின் பட்டறைக்குப் போய் மேசை மேல் வைத்தேன். சண்டை போட வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தார். வாய்க்கால் கதையைச் சொன்னதும் பேச்சே இல்லை. சில்லைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இப்படி டைரக்ட் குடுத்த வண்டி எத்தனை இருக்கும் தம்பி என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினார், ஐந்து, ஆறு, ஏழில் நிறுத்தினார். அப்புறம், "ஒரு நிமிசம் உக்காருங்ணா" என்று சொல்லிவிட்டு போனை எடுத்து ஒருத்தருக்கு அடித்தார். "ஏனுங், உங்க ஜென் வண்டி இப்ப எங்கீங்க இருக்குது? ஓட்டாதீங்க, நானே வந்து எடுத்துக்கறேன்."

இப்படிக்கு,
ஒரு பழைய மாருதிக்காரன்,
காங்கேயம்.